கைப்பைக்குள் எது எங்கே?

கெடாவில் பீடோங், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கோ கூலிமுக்கோ வேலைக்குக் கிளம்பினால், வீடு திரும்பும்வரை கைப்பைதான் துணை. தேடாமல் எடுக்க இப்படி அடுக்குங்கள்:

• அடையாள அட்டை: 12 வயது நிறைந்தவர்கள் வெளியே போகும்போது கட்டாயம் வைத்திருக்க வேண்டும். ஜிப் போட்ட உள்ளறையில் தனியாக வையுங்கள். பர்ஸ் தொலைந்தாலும் அட்டை தப்பும்.

• டச் அண்ட் கோ கட்டண அட்டை: வங்கி அட்டையோடு ஒட்டி வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் இயந்திரம் சரியாகப் படிக்காது.

• சில்லறை: 20, 50 சென் காசுகளுக்குச் சின்ன ஜிப் பர்ஸ் போதும்.

• சாவி: உள்ளறை ஜிப்பில் ஒரு நாடாவால் கட்டிவிடுங்கள். கைப்பேசிக்கும் பவர் பேங்க்குக்கும் பக்கத்தில் வேண்டாம்.

• மருந்து: மாத்திரையை அட்டையோடு வையுங்கள், பெயரும் காலாவதித் தேதியும் தெரியும். இன்சுலின் இருக்கும் பையை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். வெயில் சூட்டில் கெட்டுவிடும்.

• ரசீது: எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். முக்கியமானதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கெடாவில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. வெள்ளிக்கிழமை காலையில் பையைக் கவிழ்த்துத் தட்டி, தேவையானதை மட்டும் திரும்ப வையுங்கள். பையும் கனக்காது, தோளும் வலிக்காது.