ஊசியும் நோவும்

முள்ளை முள்ளாற் களைதல் நாமெல்லாம் அறிந்த செயல். நோவை ஊசியாற் களைதல் எங்ஙனம்? தோள்நோவுக்கு அக்குபங்சர் என்னும் சீன வைத்தியஞ் செய்துகொண்டு வகுப்புக்குச் சென்ற என்னை ஒரு மாணவன், “ஊசி குத்தினால் நோகுமே, சேர்?” என்று வினவினான். தமிழாசிரியனாகிய யான் விடை கூற மாட்டாது நின்றேன். பின்னர் விஞ்ஞான ஆசிரியரிடம் நூல்களை இரவல் பெற்றுக் கற்றுத் தெளிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியில் ஹான் ஜிஷெங் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் 1965ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். தாமாக முன்வந்தோர் சிலரது கையிற் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசையில் ஊசியேற்றி, அவர்தம் தோலின் நோவுணர்ச்சியை அளந்தார். நோவு உடனே அடங்கிற்றில்லை. சிறிது சிறிதாகத் தணிந்து, அரைமணி நேரமளவில் மிகக் குறைந்தது. ஊசியைக் களைந்த பின்னரும் அப்பயன் சட்டென மறையாது, ஏறத்தாழ 16 நிமிடத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகத் தேய்ந்தது. நரம்புவழிச் செய்தியோ கணத்திற் சென்று கணத்தில் மறைவது. இஃது உலைநீர் போல மெல்லச் சூடேறி மெல்ல ஆறுகின்றது. ஆதலின், ஏதோ ஒரு பொருள் உள்ளே சுரந்து தேங்குகின்றது என அவர் ஊகித்தார்.

ஊகத்தைச் சோதிக்க முயல்கள் உதவின. ஒரு முயலுக்கு ஊசிச் சிகிச்சை செய்து, அதன் மூளையைச் சூழ்ந்த நீரை எடுத்து, ஊசியையே காணாத வேறொரு முயலின் மூளைக்குட் செலுத்தினார். இரண்டாம் முயலுக்கும் நோவு குறைந்தது! நம்பிக்கையைக் குழாய்வழியாக ஓருயிரிலிருந்து மற்றோருயிருக்கு மாற்றுதல் இயலுமோ? இப்பரிசோதனையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு நீங்குவதில்லை.

அப்பொருள் யாது? அபினிலுள்ள மோர்பின் சென்று பொருந்தும் இடங்கள் மூளையில் உள்ளன என்பதை 1973ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கண்டனர். பூட்டு உண்டெனில் அதற்குரிய திறப்பும் உடலிலேயே இருத்தல் வேண்டுமன்றோ? ஒரு செடியின் பாலுக்கென்றா மூளை பூட்டு வைத்திருக்கும்? 1975ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் என்போர் பன்றி மூளையில் அத்திறப்பைக் கண்டு, என்கெபலின் எனப் பெயரிட்டனர். அதன் இனப்பொருள்களுக்கு எண்டோர்பின் என்பது பொதுப்பெயர். அகத்தே உண்டாகும் மோர்பின் என்பது கருத்து. யான் ‘அகவபின்’ என மொழிபெயர்த்தேன். விஞ்ஞான ஆசிரியர் நகைக்கின்றார். ஆயினும் சொல் நன்றாகவே இருக்கின்றது.

ஊசி தசையைத் தூண்ட, நரம்பு அதனை முண்ணாண் வழியே மூளைக்கு உரைக்கின்றது. அங்கே இப்பொருள்கள் சுரந்து, நோவுச் செய்தி மேலேறும் வாயிலை முண்ணாணிலேயே அடைப்பிக்கின்றன. இதற்குச் சான்றும் உண்டு. நலொக்சோன் என்னும் மருந்து அப்பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொள்வது. அதனைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ஊசியின் பயன் அற்றுப்போனதை ரொறன்ரோவிற் புரூஸ் பொமரன்ஸ் 1976ஆம் ஆண்டிற் காட்டினார்.

இத்துடன் வழக்கு முடிந்ததென்று யான் மகிழ்ந்திருந்தேன், முடியவில்லை. பல் பிடுங்கப்பட்டோருக்கு மருந்தெனச் சொல்லி மருந்தல்லாததைக் கொடுத்தபோதும் சிலருக்கு நோவு தணிந்தது. நலொக்சோன் கொடுக்க, அது மீண்டது. இது 1978ஆம் ஆண்டிற் கண்டது. ஆகவே நம்பிக்கையும் அதே அகவபினைச் சுரப்பிக்கின்றது! 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேர்மானிய ஆய்வொன்றில் முதுகுநோவுடையார் 1162 பேர் பங்குபற்றினர். முறைப்படி ஊசியேற்றப்பட்டோருள் நூற்றுக்கு 47.6 பேர் பயன் பெற்றனர். உரிய இடந்தவிர்த்து மேலோட்டமாகக் குத்தப்பட்டோருள் 44.2 பேர், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 27.4 பேர். குத்தும் இடத்தைப் பற்றிய பழைய சாத்திரம் இதனாற் பெரிதும் ஆட்டங் காண்கின்றது என்பதே என் எண்ணம்.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு விளக்கினேன். “அப்படியெனில், சேர், உங்கள் தோள்நோவு குறைந்தது ஊசியாலோ, நம்பிக்கையாலோ?” என்றான். முயல் சொல்லக்கூடிய சாட்சியை யான் சொல்லத் தக்கவனல்லேன் என்றேன்.