உப்புக்காற்றில் ஓடப்போகும் அலுமினியப் பிறேம்: பார்த்து வாங்குவது எப்படி?

கரம்பொனிலிருந்து நாரந்தனை, சரவணை, வேலணை, அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போகும் வீதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காற்றுத்தான் எதிரி. சோளகக் காலத்தில் பட்டணத்திலிருந்து திரும்பி வருகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். வளைந்த ஹாண்டிலைப் பிடித்துக் குனிந்து ஓடும் றோட் சைக்கிள் அந்தக் காற்றில் பெரிய உதவி. ஆனால் மலையேற்றம் இல்லாத ஊரில் பிறேம் 200 கிராம் குறைவு என்பதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். நாம் பார்க்க வேண்டியவை மூன்று: உடலுக்குப் பொருந்துகிறதா, உப்பு ஏற்கெனவே தின்றுவிட்டதா, உதிரிப்பாகம் கிடைக்குமா.

முதலில் அளவு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை மேலே இறுக்கிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளவிடுங்கள். அதை 0.65 ஆல் பெருக்கினால் பிறேமின் அளவு கிட்டத்தட்ட வரும். 80 சென்ரிமீற்றர் என்றால் 52. இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்றால் சிறியதை எடுங்கள். சீற்றை உயர்த்தலாம், ஹாண்டிலை முன்தள்ளலாம். பெரிய பிறேமைச் சுருக்க வழியில்லை.

அடுத்தது உலோகம். மலிவான பிறேம்களில் 6061 அல்லது 7005 என்ற எண் ஒட்டியிருக்கும். 6061 பிறேமை ஒட்டிய பிறகு முழுமையாக வெப்பப் பதம் செய்ய வேண்டும். 7005க்கு எளிமையான பதம் போதும். தொழிற்சாலை ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டுமே நல்லவை. எண்ணைப் பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள்.

பழைய பிறேம் என்றால் இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். எங்கள் வீடுகளில் நின்ற லுமாலா, றலி சைக்கிள்கள் இரும்பு. வெடித்தால் சந்தியிலுள்ள பட்டறையில் ஒட்டி, அடுத்த நாளே மூட்டை ஏற்றலாம். அலுமினியம் அப்படியல்ல. ஒட்டிய இடத்தைச் சுற்றி அதன் பலம் இறங்கிவிடும், மீண்டும் வெப்பப் பதம் செய்யாமல் அது திரும்பாது. வளைந்ததை நிமிர்த்தவும் கூடாது. எனவே வெடிப்புள்ள பிறேம் பழைய உலோக விலைதான் பெறும். ஈரத்துணியால் துடைத்து, பகல் வெளிச்சத்தில் ஹாண்டிலுக்குக் கீழே குழாய்கள் கூடும் இடம், பெடல் அச்சைச் சுற்றிய ஒட்டுகள், பின்சில்லு பூட்டும் நுனிகள், சீற் தண்டு இறங்கும் வாய் ஆகியவற்றைப் பாருங்கள். பெயின்ரில் மயிரிழைபோல் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். பெயின்ர் கொப்புளித்திருந்தால் அடியில் உப்பு வேலை செய்கிறது. தண்ணீர்ப் போத்தல் மாட்டும் இரும்புத் திருகாணிகளைச் சுற்றித்தான் இது பெரும்பாலும் தொடங்கும். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க இடையில் உப்புநீர் நின்றால் அரிபடுவது அலுமினியம்தான்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சில்லு பூட்டும் ஒரு நுனியில் கட்டி, முன்குழாயைச் சுற்றி மற்ற நுனிக்கு இழுங்கள். நடுவிலுள்ள சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசமென்றால் வேண்டாம். பிறகு சீற் தண்டின் பூட்டைத் தளர்த்தி அதைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே இறுகிப்போய் அசையாவிட்டால், எவ்வளவு மலிவென்றாலும் அந்தப் பிறேம் நமக்கு உதவாது.

உதிரிப்பாகத்தில் பழைய பொது அளவுகளே பாதுகாப்பு. பெடல் அச்சுக் கோப்பைகள் 68 மில்லிமீற்றர் அகலக் குழாயில் மரை போட்டுத் திருகுவதாக இருக்கட்டும். அழுத்திச் செருகும் வகைக்குத் தனிக் கருவி வேண்டும். சீற் தண்டு 27.2, பின்சில்லு இடைவெளி 130. சமதரைக்கு றிம்மைப் பிடிக்கும் பிறேக் தாராளம். 28 மில்லிமீற்றர் ரயர் உரசாமல் சுழல இடமிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒடுங்கிய 23 ரயர் உடைந்த தார் ஓரங்களில் அடிக்கடி காற்றுப் போகும். கியர் மாற்றி தொங்கும் சிறு துண்டு கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மொடலுக்கு மொடல் அதன் வடிவம் வேறு என்பதால் பிறேம் வாங்கும்போதே இன்னொன்றும் வாங்கி வைப்பது நல்லது. காபன் போர்க்கின் உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. முன்பு யார், எப்படி ஓடினார் என்று தெரியாவிட்டால் அலுமினிய அல்லது இரும்புப் போர்க்கே மேல்.

விலையைக் கணக்குப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: வெறும் பிறேம் வாங்கிப் பாகங்களைத் தனித்தனியே சேர்த்தால், பெரும்பாலும் முழுதாக நிற்கும் பழைய சைக்கிளைவிடச் செலவு கூடும். நல்ல பிறேமுள்ள முழுச் சைக்கிளைத் தேடுவதே சிக்கனம்.

வாங்கியதும் சீற் தண்டுக்கும் திருகாணிகளுக்கும் கிறீஸ் பூசுங்கள்; மாதம் ஒருமுறை தண்டை இழுத்துத் துடைத்துத் திரும்பப் பூசுங்கள். கடல் வீதியால் ஓடி வந்தாலும், காரைநகர்ப் பாதைப் படகில் சைக்கிளை ஏற்றி இறக்கினாலும், அன்றைக்கே ஈரத்துணியால் துடையுங்கள். அதற்கு உவர்க் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள். குடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு செம்பு போதும்.