நடவு நாளில் யார் புரட்டிப் படுக்க வைப்பது?
படுக்கைப்புண்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அப்பா. கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அப்பாயி. தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட பையன். தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு கதைதான் இருக்கும். நோய் வேறு வேறு என்றாலும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் மூவருக்கும் காத்திருக்கிற வில்லங்கம் ஒன்றே. வால் எலும்பின் மேல் ஒரு திட்டு தெரியும். யாரும் கவனிக்காவிட்டால் அது புண்ணாகும், புண் குழியாகும்.

எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவே சதை நசுங்கிக் கிடந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. நமக்கென்றால் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுவோம். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அந்த வலியே தெரியாது. பக்கவாதக்காரருக்குத் தெரிந்தாலும் திரும்ப முடியாது. இதில் மோசமானது, மேல்தோலைவிட உள்ளேயிருக்கும் தசை சீக்கிரம் செத்துவிடும். வெளியே ஒரு ரூபாய் நாணய அளவு தெரிகிற புண்ணுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் குழி இருக்கலாம்.

சூப்பர்மேன் படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பணத்துக்கோ ஆளுக்கோ குறைவில்லை. 2004 அக்டோபரில் இறப்பதற்கு முன் அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தது தொற்று ஏறிய ஒரு படுக்கைப்புண்ணுக்குத்தான். அதனால், "நாம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ" என்று வீட்டுப் பெண்கள் குமைவதில் அர்த்தமில்லை. வைத்தியச் செலவையெல்லாம் பேசி முடிவெடுக்கிற குடும்பம், எந்த மணிக்கு யார் புரட்டிப் படுக்க வைப்பது என்று பேசாமல் இருப்பதுதான் கோளாறு.

செய்ய வேண்டியவை

முறை வையுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் சொல்லப்படுகிற கணக்கு. எல்லா வீட்டிலும் ஒரு வாரம் ஒழுங்காக நடக்கும். பிறகு நடவு வரும், களை வரும், அறுவடை வரும். காலை ஏழு மணிக்கு வயலுக்குப் போகிற மருமகள் திரும்பி வர மதியம் ஆகிவிடும். அத்தனை நேரமும் அப்பாயி ஒரே பக்கம் கிடப்பார். டெல்டா வீடுகளில் புண் வருவது இந்த இடைவெளியில்தான். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்த ஊர் இது. ஆளைத் திருப்பிப் போடவும் அதே மாதிரி முறை வைக்கலாம். குறுவை நடவு தொடங்குவதற்கு முன்பே எதிர்வீட்டு அக்காவிடமோ, வயலுக்குப் போகாத சித்தப்பாவிடமோ பேசிவையுங்கள். ஒன்பது மணிக்கு ஒருவர், பதினொரு மணிக்கு இன்னொருவர், அவ்வளவுதான். தேவைப்பட்டால் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்து நிறுத்துங்கள். புண்ணுக்கு மருந்து வாங்குவதைவிட அது மலிவு.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளிலேயே "இடது, மல்லாக்க, வலது" என்று நேரத்தோடு எழுதுங்கள். புரட்டியவர் ஒரு டிக் போட வேண்டும். "நான் புரட்டினேனே" என்ற சண்டை அதோடு நிற்கும். ராத்திரியில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்திருக்க எந்த வீட்டாலும் நெடுநாள் முடியாது. நல்ல மெத்தை இருந்து, காலையில் தோலும் தெளிவாக இருந்தால், இரவு இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்று நர்ஸைக் கேளுங்கள்.

தினமும் தோலைப் பாருங்கள். குளிப்பாட்டும்போது அல்லது உடம்பு துடைக்கும்போது, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வால் எலும்பு, இரண்டு பக்க இடுப்பு, உட்காரும் எலும்பு, குதிகால், கணுக்கால், பின்மண்டை, காதுமடல். மூக்கில் குழாய் போட்டிருந்தால் மூக்கு நுனி. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் முதல் நிலைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆனால் இந்தச் சோதனை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் ஊர்க் கருத்த தோலில் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலைவிட இன்னும் கருத்தோ, ஊதா ஓடியோ இருக்கும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சுடும், அல்லது வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டிருக்கும். தொட்டால் கட்டியாகவோ கொழகொழவென்றோ தெரியும். நிறத்தை மட்டும் நம்பாமல் கையை நம்புங்கள். சந்தேகமான இடத்தைத் தினமும் ஒரே தூரத்தில் வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டால், பெரிதாகிறதா சுருங்குகிறதா என்று டாக்டருக்கும் தெரியும். இந்தக் கட்டத்தில் அந்த இடத்தின் மேல் படுக்காமல் பார்த்துக்கொண்டாலே சில நாளில் சரியாகிவிடும். பைசா செலவில்லை.

சாய்த்துப் படுக்க வையுங்கள். நேர்ப் பக்கமாகப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பின் மேல் முழுப் பாரமும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, முப்பது டிகிரி அளவுக்கு மட்டும் சாயுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று வைத்தால் குதிகால் படுக்கையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

தூக்கி நகர்த்துங்கள். கீழே சரிந்தவரை மேலே ஏற்ற, இடுப்புக்கடியில் மடித்த வேட்டியைப் போட்டு, இரண்டு பக்கமும் இருவர் பிடித்துத் தூக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோல் படுக்கையோடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் நகரும். உள்ளே ரத்தக் குழாய் கிழியும்.

முட்டையும் மீனும் கொடுங்கள். இதில் பெரியவர்களோடு கொஞ்சம் சண்டை போடத்தான் வேண்டும். புண் என்றவுடன் "கரப்பான் பண்டம், ஆகாது" என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் ரசமும் மட்டும் ஊற்றுவார்கள். புண் ஆற, உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் புரதம் தினமும் வேண்டும். ஐம்பது கிலோ எடைக்கு ஏறக்குறைய 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்றால் கஞ்சி எந்த மூலைக்கு? மீன் சாப்பிடாத வீட்டில் பால், தயிர், பொட்டுக்கடலை மாவு, வேகவைத்த பயறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும். சுகர் இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் எந்தப் புண்ணும் ஆறாது.

உட்கார்ந்திருப்பவரையும் எழுப்புங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் பதினைந்து, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும், அல்லது முன்னால் குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து பாரத்தை மாற்ற வேண்டும். இப்படிப் பழக்குவதில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் நாட்டுக்கே முன்னோடி. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவைசிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ல் பாகாயத்தில் அது தொடங்கியது. அங்கே நடக்கும் 'ரீஹாப் மேளா'வுக்குப் பழைய நோயாளிகள் திரும்பி வருகிறார்கள். விளையாட்டும் உண்டு, உடல் பரிசோதனையும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டோடு உறவு முடிந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், தானே கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறது. திருவண்ணாமலையில் ப்ரீத்தி சீனிவாசனின் சோல்ஃப்ரீ அமைப்பும் அப்படியே. நம் பக்கத்துப் பையன்களையும் அங்கெல்லாம் அனுப்பலாம்.

செய்யக்கூடாதவை

சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். ரத்த ஓட்டம் வரட்டும் என்று எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, ஏற்கனவே நொந்த தசையைக் கிழிப்பதுதான். எண்ணெய் தடவலாம், மெதுவாக, சுற்றியுள்ள நல்ல தோலில்.

டயர் டியூப், வளையத் தலையணை வேண்டாம். நடுவில் ஓட்டை இருப்பதால் புண் எங்கும் படாது என்று தோன்றும். வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவுக்கு வரும் ரத்தத்தை நிறுத்திவிடும்.

காபித்தூள், மஞ்சள், விபூதி, சாம்பல் வேண்டாம். புண்ணைக் காயவைத்தால்தான் ஆறும் என்ற நினைப்பில் போடுவது இதெல்லாம். லேசான ஈரம் இருந்தால்தான் புதுத் தசை வளரும். ஆன்டிபயாடிக் பவுடரைத் தூவிக் கட்டிகட்டியாக அப்புவதும், ஹைட்ரஜன் பெராக்சைடை நுரைக்க நுரைக்க ஊற்றுவதும் அதே தப்பு. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரே கழுவப் போதும். அதற்கு மேல் என்ன கட்டுப்போடுவது என்பதை நர்ஸ் சொல்லட்டும்.

பாலிதீன் விரிப்பின் மேல் நேராகப் படுக்க வைக்காதீர்கள். மெத்தை நனையாது, ஆனால் சித்திரை வெயிலில் வேர்வை முழுக்க முதுகிலேயே ஊறும். மேலே பழைய பருத்திப் புடவையை மடித்துப் போடுங்கள், சுருக்கமில்லாமல். டயாப்பரை ராத்திரி கட்டிக் காலைவரை விடாதீர்கள்.

சாய்ந்து உட்காரவைத்து மறந்துவிடாதீர்கள். சாப்பாடு கொடுக்கவும், குழாய் வழியாக ஊற்றிய பின் ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கப்புறமும் சீரியல் முடியும்வரை அப்படியே வைத்தால் உடம்பு மெல்லச் சரியும், வால் எலும்புத் தோல் பிய்யும்.

வெந்நீர்ப் பையை உணர்ச்சியில்லாத காலில் வைக்காதீர்கள். வெந்தாலும் சொல்லமாட்டார்.

ஏர் பெட் வாங்கியாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். கடைக்காரர் சொல்வதை நம்பி, புரட்டுவதை நிறுத்துகிற வீடுகள் நிறைய. மாறி மாறிக் காற்று நிரம்பும் மெத்தை உதவும், ஆனால் கைக்குப் பதில் ஆகாது. உள்ளங்கையை மேல்நோக்கி மெத்தைக்கடியில், இடுப்பு இருக்கும் இடத்துக்கு நேராக நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் மோட்டாரும் நின்றுவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபின் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் நாள்கணக்கில், பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அடைமழைக் காலத்துக்கு முன்பே ஒரு நல்ல பஞ்சு அல்லது ஃபோம் மெத்தையைத் தயாராக வைத்திருங்கள்.

புழு வைத்தால் மறைக்காதீர்கள். வெட்கப்பட்டு அறையைச் சாத்திவைக்கிற குடும்பங்கள் உண்டு. ஈ உட்கார்ந்தால் எந்த வீட்டுப் புண்ணிலும் புழு வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். காய்ச்சல், நாற்றம், சீழ், எலும்பு தெரிவது, ஆள் திடீரெனப் பிதற்றுவது, இவற்றுக்கும் அதேதான்: 108-ஐக் கூப்பிடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குதிகாலில் காய்ந்து கருத்த பொருக்கை மட்டும் வீட்டில் பிய்க்காதீர்கள்.

தனியாக மல்லுக்கட்டாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வராவிட்டால் திரும்பப் போய்க் கேளுங்கள்.

தானம் கொடுப்பவர்களுக்கு

படுக்கைப்புண் தடுப்புக்கு உலக அளவில் ஒரு நாள் உண்டு: ஒவ்வொரு நவம்பரிலும் மூன்றாவது வியாழக்கிழமை. நம் பக்கத்தில் அது அடைமழைக் காலம். அன்றைக்குப் பந்தல் போட்டு முகாம் வைத்தால் படுக்கையில் இருப்பவர் வரமாட்டார், அவரைப் பார்த்துக்கொள்பவரும் வரமாட்டார். அந்தச் செலவில் ஒரு நர்ஸை வண்டி கொடுத்து வருஷம் முழுக்க வீடுவீடாக அனுப்பலாம். மேடை போட்டு வரிசையாகச் சக்கர நாற்காலி கொடுக்கும் விழாக்களில் இன்னொன்றையும் பார்க்கிறேன்: நாற்காலியில் குஷன் இருக்காது, வெறும் ரெக்சின் துணிதான். உணர்ச்சியில்லாதவரை அதில் நாள் முழுக்க உட்காரவைத்தால் புண் நிச்சயம். அடுத்த விழாவில் ஒவ்வொரு நாற்காலியோடும் அழுத்தம் குறைக்கும் குஷன் ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். பணம் போதவில்லையென்றால் நாற்காலிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.