சட்டைப்பைக் காமிரா

நம் மன்றத்து நண்பர்களுள் காசிக்கு வந்த முதலாண்டிலேயே காமிரா வாங்க ஆசைப்படாதவர் குறைவு. கங்கைக் கரையின் 84 கட்டங்களும் விடியற்காலைப் படகுகளும் அந்த ஆசையை மூட்டிவிடும். நானும் அவ்வாறே ஓர் எஸ்.எல்.ஆர். காமிரா வாங்கினேன். சென்ற ஆண்டு என் தந்தையார் பாட்டனாருக்கு நீர்க்கடன் செய்ய வந்தார். கடன் முடிந்து, பேச்சின்றிப் படகில் அவர் அமர்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. படமோ இல்லை. காமிரா விடுதி அலமாரியில் கிடந்தது, சுமக்கச் சோம்பல்!

அது கனப்பதற்குக் காரணம் உண்டு. லென்சுக்குப் பின்னால் 45 பாகை சாய்ந்த ஆடி ஒன்று ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழ, ஒளி உணரியை அடைகிறது. ஆடி அசைய இடம் வேண்டுமன்றோ? அதற்காகக் கேனன் எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸ் பூட்டும் வளையத்திற்கும் உணரிக்கும் இடையே 44 மி.மீ. விட்டிருக்கிறார்கள். சிறு காமிராவில் ஆடி இல்லை. லென்ஸ் உணரியை நெருங்கி நிற்கலாம், வேலை முடிந்ததும் உள்ளே மடங்கலாம். கேனன் 1500டி, உடன்வரும் 18-55 லென்சுடன் ஏறத்தாழ 675 கிராம். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 வெறும் 240 கிராம்.

‘உணரி சிறிதாயிற்றே, படம் மங்காதா?’ என்று கேட்பீர்கள். கணக்கிட்டே பார்ப்போம். கேனனின் உணரி 22.3 × 14.9 மி.மீ.; சோனியினுடையது 13.2 × 8.8 மி.மீ. பரப்பில் முன்னது ஏறத்தாழ 2.9 மடங்கு. ஆனால் அகன்ற கோணத்தில் கேனன் லென்சின் எப் எண் 3.5, சோனியினுடையது 1.8. உணரியின் ஒரே அளவு இடத்தில் விழும் ஒளி எப் எண்ணின் வர்க்கத்திற்கு எதிர்விகிதம். ஆகவே அங்கே சோனிக்கு 3.8 மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த ஒளியில் சிறியதே வெல்கிறது! இதை அறிந்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

எனினும் அவசரப்படவேண்டாம். தொலைவை நெருக்கிப் பார்க்கும் முனையில் எப் எண்கள் 5.6, 4.9 என ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அங்கே பெரியது இருமடங்குக்கு மேல் ஒளி பெறும். எப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸைப் பூட்டினாலோ பேச்சே வேறு. பறவை, கிரிக்கெட் படங்களுக்கு எஸ்.எல்.ஆரை விடாதீர்கள்.

பெரிய உணரியும் வேண்டும், எடையும் கூடாது என்போருக்கு 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர்3 உண்டு: 257 கிராம், 23.5 × 15.6 மி.மீ. உணரி. நெருக்கிக் காட்டும் வசதி மட்டும் இல்லை. நாமே நடந்து நெருங்கவேண்டும். இவ்விரு காமிராக்களிலும் கண்வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. நண்பகல் வெயிலில் திரை தெரியாமல் திண்டாடுவோம்.

கைப்பேசி போதாதா? அகன்ற காட்சிக்குப் பெரும்பாலும் போதும். தூரத்துப் படகை நெருக்கிக் காட்டச் சொன்னால், பல கைப்பேசிகள் படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கியே தருகின்றன.

உதவித்தொகையில் வாழும் நாம் பழைய காமிராவையே நாடுவோம். லென்ஸ் தடையின்றி வெளிவந்து உள்ளே போகிறதா என்று பலமுறை பாருங்கள். பிறகு எப் 11 வைத்து மேகமற்ற வானத்தைப் படமெடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி உண்டு. லென்ஸ் கழற்ற வராததால் அதை நாமே துடைக்க இயலாது. விலை பேசுமுன் இதைச் செய்யுங்கள், பின்னர் அல்ல.