இரைச்சலும் அமைதியும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தைக் குடைந்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் தேடியது பொன். 1960களின் தொடக்கத்தில், அவர்கள் வெட்டிய ஆழத்திற்குள் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து அறிவியலாளர்கள் வேறொன்றைத் தேடி இறங்கினர்.

விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்னும் துகள்கள் தோன்றுகின்றன. விரித்த உள்ளங்கையின் வழியே நொடிக்கு ஒன்றேனும் பாய்ந்து செல்லும். ஆழம் செல்லச் செல்லப் பாறை அவற்றைத் தடுத்துவிடுகிறது. இரண்டரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் வைத்த கருவியில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஒன்றுமே பதிவாகவில்லை. கருவி பழுதோ என்று பிறர் ஐயுற்றிருக்கக்கூடும். ஆனால் அறிவியலாளர்கள் வேண்டியது அந்த வெறுமையைத்தான். இரைச்சல் இல்லாத இடத்தில்தான் மிக அரிய துகளான நியூட்ரினோவின் தடம் புலப்படும். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து, 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடத்தை அங்கே கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது காணப்பட்டது.

வேற்றுலக அறிவுயிர்களைத் தேடுவோர்க்கும் இரைச்சலே பகை. ஆனால் அவர்கள் சுரங்கத்தில் ஒளிய இயலாது. பாறை, அவர்கள் கேட்க விரும்பும் வானொலி அலைகளையும் தடுத்துவிடும். செயற்கைக்கோள், ராடார், கைப்பேசி ஆகிய அனைத்தின் ஓசையோடும் வானத்தைப் பதிவுசெய்து, பின்னர்க் கணக்கிட்டே பிரித்தாக வேண்டும். அக்கணக்கோ ஒரு நிறுவனத்தால் முடிக்கக்கூடியதன்று.

எனவே, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே 17 அன்று 'செட்டி அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கியது. அரெசிபோவின் 305 மீட்டர் தொலைநோக்கி பதிந்தவை, 107 நொடி அளவுள்ள துண்டுகளாக்கப்பட்டு இணையவழி வீடுகளுக்குச் சென்றன. உரியவர் இருக்கையை விட்டு எழுந்ததும் கணினி தானே கணக்கிடத் தொடங்கும். ஒரே துண்டு பல வீடுகளுக்கு அனுப்பப்பட்டு விடைகள் ஒப்பிடப்பட்டன. 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இணைந்தனர். இயற்பியல் அறிந்திருக்க வேண்டியதில்லை; மின்கட்டணம் மட்டும் அவர்களுடையது.

2020 மார்ச் 31 அன்று துண்டுகள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. அதுவரை உறுதிசெய்யப்பட்ட குறிப்பலை ஒன்றும் கிட்டவில்லை. இவ்வமைதியும் தங்கவயலின் அமைதியும் ஒன்றல்ல. சுரங்கத்தில் எது தடுக்கப்பட்டது என்பது தெளிவாகத் தெரிந்தது. இங்கோ, அரெசிபோவின் பார்வைக்கு எட்டிய வானில், 1420 மெகாஹெர்ட்சை ஒட்டிய குறுகிய அலைவரிசையில்தான் பெரும்பாலும் தேடினர். ஒரு தெருவின் கதவுகளைத் தட்டிவிட்டு ஊரே காலி என்று கூறலாகாது.

முறை வீண்போகவில்லை. 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' என்னும் இதையொத்த திட்டத்தில், அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகள் 2010இல் புதிய துடிப்பு விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தன.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஆழத்துக் குடைவுகளில் இன்று நீர் நிறைந்துள்ளது. மேலே ராபர்ட்சன்பேட்டையில், உரியவர் உறங்கும் நேரத்தில் ஒரு வீட்டுக் கணினி அத்தகைய துண்டொன்றைப் பெற்று இன்றும் கணக்கிடலாம்.

வினாக்கள்
1. கருவியில் ஒன்றும் பதிவாகாதது அறிவியலாளர்க்கு ஏன் பயன்பட்டது?
2. ஒரே துண்டு பல வீடுகளுக்கு அனுப்பப்பட்டது ஏன்?
3. இரண்டு அமைதிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் எழுதுக.