தண்டில் பிறந்த எஞ்சின்

விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகத் தென்காசிக்கு 1927-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் வளர்ந்தவனாகையால், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அவற்றின் சாயலில் சிறியதொன்றைச் செய்து பார்க்கும் ஆசை எனக்கு எழுந்ததில் ஆச்சரியமில்லை. தண்டவாள அகலத்தை மூன்றரை அங்குலமாக வைத்துக்கொண்டால் மீட்டர் கேஜ் வண்டி 11¼-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மேல்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் அகலமும் அதுவே.

அவர்கள் ஆயத்த வார்ப்புகளை விலைக்கு வாங்கிக் கடைகிறார்கள். நமக்கோ, ஒரே ஒரு சிலிண்டருக்காக மரமாதிரி செய்து எடுத்துக்கொண்டு வார்ப்படக்காரரிடம் போய் நிற்பது இரு தரப்புக்கும் சங்கடம். ஆனால் அச்சுத் தொழிலின் புண்ணியத்தால் சிவகாசியில் லேத்துப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கழித்துப்போட்ட யந்திரங்களின் தண்டுகள் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கின்றன. ஆகவே படத்தை வரைந்துவிட்டு உலோகம் தேடி அலைவதைக் காட்டிலும், கைக்கு வந்த தண்டுகளின் விட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இணங்க எஞ்சினை வகுப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். என் சக்கரங்களின் விட்டம்கூட அப்படித் தீர்மானமானதுதான்.

சிலிண்டருக்குக் கன்மெட்டலே உத்தமம். முதலில் உட்துளையைக் கடைந்து முடித்து, அத்துளையில் இறுக்கமாகப் பொருந்தும் மாண்ட்ரலில் கோத்த பிறகே வால்வு நகரும் முகத்தையும் இரு முனைகளையும் சமன் செய்ய வேண்டும். புறத்தைச் சதுரித்துவிட்டுத் துளைக்குப் போனால் இரண்டும் இணையாக அமைவது தெய்வச் செயல்.

ஒரு பிஸ்டன் முனையில் திகைத்து நிற்கும் வேளையில் மற்றது இழுத்துச் செல்லும்பொருட்டு, இடப்பக்கக் கிராங்கும் வலப்பக்கக் கிராங்கும் 90 பாகை விலகியிருக்க வேண்டும் என்று எல்லா நூல்களும் வற்புறுத்துகின்றன. அந்த 90-ஐ நினைத்து உறக்கம் கெடுவானேன்? ஒரு பாகை கூடினாலும் குறைந்தாலும் எஞ்சின் ஓடும்; இணைப்புத் தண்டு பூட்டிய அச்சுகள் யாவற்றிலும் கோணம் ஒன்றேயாக இருப்பதுதான் பிரதானம். ஓர் அச்சில் மட்டும் பிசகினால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆதலால் எல்லா அச்சுகளுக்கும் ஒரே ஜிக்கில் வைத்தே சக்கரம் ஏற்றுவது நலம்.

கொதிகலன் செப்புத் தகட்டால் ஆவது. இணைப்புகளுக்கு வெள்ளிப் பற்று. கொதிநீர் படும் இடத்தில் பித்தளை கூடாது, அதிலுள்ள துத்தநாகம் நாளடைவில் கரைந்து உலோகம் உளுத்துவிடும். பற்று வைக்கும் வேலையை நம்முடைய நண்பகல் வெயிலில் தொடங்கவே கூடாது. செம்பு மங்கலாகச் சிவக்கும் பக்குவம் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது என்பதால், பொழுது சாய்ந்த பின்னரே நான் ஊதுவிளக்கைப் பற்றவைப்பேன். நெருப்பு மூட்டுமுன், தண்ணீரை இடைவெளியின்றி நிரப்பி, கைப்பம்பால் இருமடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது அத்தியாவசியம்: 80 பவுண்டில் ஓடவேண்டியதற்கு 160. தண்ணீர் அழுத்தத்தால் சுருங்குவது சொற்பமாகையால் பற்று எங்கேனும் விட்டாலும் கசிவோடு நின்றுவிடும். காற்றை அடைத்துச் சோதித்தால் வெடிக்கும். வெடிப்பைப் பற்றி இந்தச் சீமையில் எவருக்கும் உபதேசம் வேண்டியதில்லை.

ஓட்டும்போது நம் ஊர்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஆகாது, குழாய்களில் பொருக்குக் கட்டும். மழைநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். நிலக்கரிக்கு அலைவதும் அநாவசியம், கரிசல் காட்டுச் சீமைக்கருவேலங்கரியே தாராளமாக எரிகிறது. அது கனமற்றதாகையால் ஆவி வெளியேறும் வேகத்தில் புகைபோக்கி வழியே தணல் பறக்கும். அதற்குப் புகைப்பெட்டிக்குள் நெருக்கமான கம்பிவலை பொருத்தி, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்பும் சாம்பலைத் தட்டிச் சுத்தம் செய்கிறேன். அப்படியும் பட்டாசு மருந்து காயும் களங்கள் உள்ள பக்கம் அதைக் கொண்டுபோவதில்லை. சிவகாசி நண்பர்கள் பார்க்க விரும்பினால் அவர்கள்தாம் விருதுநகருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.