வானிலை கற்பிக்க வரும் இளையவர்களுக்கு

கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ வேறு கல்லூரியிலோ வானிலையியல் உதவிப் பேராசிரியராகச் சேரப் போகும் தம்பி, தங்கைகளே! இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்று, சிங்காநல்லூரில் குடியிருக்கும் மூத்தவன் சொல்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுங்கள், அது தேவைதான். ஆனால் உங்களிடம் படிக்கும் இளங்கலை வேளாண்மை மாணவர்களில் பலர் வானிலை பற்றி முறையாகப் படிப்பது ஒன்றிரண்டு பாடங்கள்தான். நாளை வேளாண் அலுவலராக ஒரு விவசாயியின் முன் நிற்கும்போது அவர்களுக்குக் கைகொடுக்கப் போவது அதுவே. ஆகவே கற்பித்தலை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. சொந்த ஊர் மழையிலிருந்து தொடங்குங்கள். வளிமண்டல அடுக்குகள் பிறகு வரட்டும். ஜூலையில் வால்பாறையும் சின்னக்கல்லாறும் மழையில் ஊறும்போது, சூலூரிலும் பல்லடத்திலும் ஏன் காற்று மட்டும் வீசுகிறது என்று கேளுங்கள். மலையேறும் ஈரக்காற்று குளிர்ந்து அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. இறங்கும்போது சூடாகி வறண்டு போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றுதான் கேத்தனூர், பூளவாடிக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மழை மறைவுப் பகுதி என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் விளக்காது.

2. மழை பெய்யும் இடமும் நீர் சேரும் இடமும் வேறு என்பதைக் காட்டுங்கள். ஆனி, ஆடியில் சிங்காநல்லூரில் சாரல்தான். ஆனால் வெள்ளியங்கிரி மலைப்பக்கம் அடைமழை பிடித்தால் நொய்யலில் தண்ணீர் வரும். எங்கள் குளத்துக்கும் வரும். மாணவர்களை ஆற்றோரமாக மேற்கே அழைத்துப் போங்கள்.

3. காலையில் வானிலைக் கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். வேளாண் வானிலைக் கூடங்களில் உள்ளூர் சூரிய நேரப்படி காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் அளவு எடுப்பார்கள். கோவையில் அது கடிகாரத்தில் 7.22, 2.22. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. கோவை ஏறத்தாழ 77 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம். இந்தக் கணக்கை மாணவர்களே போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

4. கருவியை மதிக்கக் கற்றுக்கொடுங்கள். பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மாணி, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். அளவு பிசகினால் அதன்மேல் கட்டும் முடிவும் பிசகும். மரநிழலில் வைத்த மழைமானியை மாணவரே பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்.

5. எண்ணை நிலத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். "நேத்து 20 மில்லிமீட்டருங்க" என்று யாராவது சொன்னால், எத்தனை லாரித் தண்ணீர் என்று மாணவர் மனக்கணக்காகச் சொல்ல வேண்டும்.

6. முன்னறிவிப்பின் மொழியைச் சொல்லிக்கொடுங்கள். "ஓரிரு இடங்களில் மழை" என்றால், அந்தப் பகுதியின் மழை நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாமல் பதிவாகும் என்று பொருள். இது தெரியாததால்தான், தன் காட்டில் பெய்யாத விவசாயி அறிவிப்பே பொய் என்கிறார். உறுதியில்லாததை உறுதியில்லை என்றே சொல்லும் நேர்மையை மாணவர்களுக்குப் பழக்குங்கள்.

7. விவசாயியின் அறிவைத் தரவோடு சேர்த்துப் பாருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆனால் கோவையின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. மானாவாரிச் சோளக்காட்டுக்காரர் புரட்டாசி மழையைப் பார்த்திருந்து விதைக்கிறார். எந்தப் பட்டம் எந்த நிலத்துக்கு என்பதை மழைப் பதிவேடுகளை வைத்து மாணவர்கள் விவாதிக்கட்டும். கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுக்கும் நாட்களில் அந்த ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு வரட்டும்.

8. தேர்வை மாற்றுங்கள். வரையறை எழுதச் சொன்னால் மனப்பாடம் வளரும். ஓர் ஊரின் பல ஆண்டு மழைக்கணக்கைக் கொடுத்து, எந்த வாரம் விதைக்கலாம், ஏன் என்று கேளுங்கள். தமிழில் விளக்கச் சொல்லி அதற்கும் மதிப்பெண் போடுங்கள். விவசாயியிடம் அவர்கள் பேசப் போவது தமிழில்தானே.

விதைக்கும் உழவுக்கும் கூலிக்கும் கடன் வாங்கிய ஒருவர், உங்கள் மாணவரின் ஒரு சொல்லை நம்பி விதைப்பார். அந்தச் சொல் சரியாக இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் தயாரித்துவிட்டுப் போங்கள், கண்ணுகளா.